தண்டையார்பேட்டைப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனை: செப்சிஸைக் கையாண்ட விதம் குறித்து ஒரு மதிப்புரை

தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனையின் உள்நோயாளிப் பிரிவைப் பற்றி இதை எழுதுகிறேன். பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. பாராட்டும் குறையும் கலந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அதோடு, நான் கவனித்தவை வடசென்னையில் எந்த மருத்துவமனையில் உறவினரைச் சேர்ப்பவருக்கும் பொருந்தும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா, எழுபதைக் கடந்தவர், நெடுநாள் சர்க்கரை நோயாளி. காலில் ஏற்பட்ட புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போடுவதற்காக அங்கே சேர்க்கப்பட்டார். இரண்டாம் மாடி வார்டில் இருந்தபோதே ஓர் இரவில் அவருக்குச் செப்சிஸ் தொடங்கியது. அவர் நலமாகத் திரும்பிவிட்டார். செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்துபவள் என்பதால் துணைக்கு நான் தங்கினேன். கேஸ் ஷீட்டில் எழுதப்படுவதைப் படித்துப் புரிந்துகொள்ளவும் முடிந்தது.

வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டடம் சுத்தமாக இருக்கிறது. லிஃப்ட் ஒன்றுதான், அதுவும் ஸ்ட்ரெச்சர் வந்தால் மற்றவர்கள் படியேற வேண்டும். உணவகத்தில் இட்லி நன்றாகவும் மதியச் சாப்பாடு சுமாராகவும் இருக்கும். இரு சக்கர வாகனத்திற்கு இடம் உண்டு, காருக்கு இல்லை. கட்டணம் இந்தப் பகுதியின் பிற தனியார் மருத்துவமனைகளை ஒத்தது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உடலில் புகுந்த ஒரு தொற்றை எதிர்க்கும் முயற்சியில் உடலின் எதிர்ப்பாற்றலே கட்டுப்பாடு இழந்து, சிறுநீரகம், நுரையீரல், மூளை போன்ற சொந்த உறுப்புகளைச் சேதப்படுத்தத் தொடங்கும் நிலையே செப்சிஸ் என்பது 2016ஆம் ஆண்டு முதல் ஏற்கப்பட்டுள்ள வரையறை. 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 4.89 கோடிப் பேருக்கு இது ஏற்பட்டதாகவும், அவர்களில் சுமார் 1.1 கோடிப் பேர் இறந்ததாகவும் 2020இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்த ஆண்டின் மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அது. இந்த நோயில் பெரிய இயந்திரங்களைவிடத் தொடக்கத்தில் கண்டுபிடிக்கும் கண்தான் உயிரைக் காக்கிறது. ஆகவே ஒரு மருத்துவமனையை எடைபோட வரவேற்பறையின் சலவைக் கல்லைப் பார்த்துப் பயனில்லை. நள்ளிரவில் வார்டில் மூச்சை எண்ணுகிறார்களா, எண்ணியதை வைத்து யாராவது எழுந்து வருகிறார்களா என்பதைப் பார்க்க வேண்டும்.

அந்த அளவுகோலில் இந்த மருத்துவமனைக்கு ஒரே வார்டில் இரண்டு வேறு மதிப்பெண்கள் கிடைக்கின்றன. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் சேர்க்கப்பட்ட நாள் முதல் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் வேளைக்கு வேளை மாறி மாறி எழுதப்பட்டிருந்தன. ஆனால் மூச்சுக்கான கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை 20, 20, 20 என்றே இருந்தது. தூங்கினாலும் நடந்தாலும் சாப்பிட்டாலும் ஒரே எண்ணிக்கையில் மூச்சுவிடும் மனிதர் யாரும் இல்லை. கருவி எதுவும் சொல்லாமல், ஒரு நிமிடம் முழுக்க நின்று மார்பைப் பார்த்து எண்ண வேண்டிய ஒரே அளவு இது என்பதால், பல வார்டுகளில் இப்படித்தான் நிரப்பப்படுகிறது. உடல் தடுமாறும்போது பெரும்பாலும் முதலில் மாறும் அளவும் இதுதான் என்பதே வேதனை.

அந்த இரவுப் பணிக்கு வந்த இளம் செவிலியர் அப்படிச் செய்யவில்லை. மருந்து கொடுக்க வந்தவர் பெரியப்பாவிடம், "தாத்தா, இப்ப நாம எங்க இருக்கோம்?" என்று கேட்டார். "சைரன் ஊதிடுச்சா? கிரேன்காரன் வந்துட்டானா பாரு," என்றார் பெரியப்பா. தூக்கக் கலக்கம் என்று நானே சொல்லியிருக்கக்கூடிய பதில் அது. செவிலியர் தட்டை அருகிலிருந்த மேசையில் வைத்துவிட்டு, போர்வையை மார்புவரை இறக்கி, தன் கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளையும் அவருடைய விலா ஏறி இறங்குவதையும் மாறி மாறிப் பார்த்தபடி ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். மூச்சு 24, நாடி 112, மேல் அழுத்தம் 104, ஆக்சிஜன் 95, வெப்பநிலை 37.4 டிகிரி செல்சியஸ். காய்ச்சல் இல்லை.

லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே எச்சரிக்கும் நியூஸ் 2 என்ற மதிப்பெண் முறையை இந்த மருத்துவமனை பின்பற்றுகிறது. மூச்சுக்கு 2, நாடிக்கு 2, அழுத்தத்திற்கு 1, ஆக்சிஜனுக்கு 1, புதிதாக வந்த குழப்பத்திற்கு 3 என்று கூட்டினால் 9 வருகிறது. 5 வந்தாலே மருத்துவரை அவசரமாக அழைக்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் உயிர்காப்பு மருத்துவக் குழுவே வர வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் யாரையும் பயமுறுத்தாத எண்கள், கூட்டும்போது எச்சரிக்கை மணியாகின்றன. இந்த முறையின் பலம் அதுதான். மூச்சுக்கு வழக்கம்போல் 20 என்று எழுதியிருந்தால் 2 மதிப்பெண் குறைந்திருக்கும். குழப்பத்தைத் தூக்கக் கலக்கம் என்று விட்டிருந்தால் இன்னும் 3 போயிருக்கும். மீதி 4தான். யாரும் மாடியேறி வந்திருக்க மாட்டார்கள்.

இதே மருத்துவமனை கீழே வரவேற்பறையில் மாட்டியிருக்கும் செப்சிஸ் விழிப்புணர்வுப் பலகையோ முதல் அறிகுறியாக "அதிகக் காய்ச்சல், குளிர் நடுக்கம்" என்று சொல்கிறது. வயதானவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் காய்ச்சலே வராமல் போகலாம். சிலருக்கு உடல் சில்லிட்டும் போகும். பலகையை எழுதியவர் இரண்டாம் மாடிச் செவிலியரிடம் கேட்டு எழுதியிருக்கலாம்.

அழைத்த சில நிமிடங்களில் டியூட்டி டாக்டர் வந்தார். இதற்கு முழு மதிப்பெண் தரலாம். வந்தவர் முதலில் செய்தது விரல் நுனியைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து விட்டதுதான். வெளுத்த இடத்தில் மூன்று நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்; பெரியப்பாவுக்குத் திரும்பவில்லை. செலவில்லாத இந்தச் சோதனையைக் கொண்டு சிகிச்சையை வழிநடத்தலாம் என்பதற்கு 2019இல் ஆந்த்ரோமீடா ஷாக் ஆய்வு வலு சேர்த்தது. பிறகு இரண்டு கைகளிலிருந்தும் தனித்தனியே கல்ச்சருக்கு இரத்தம் எடுத்தார்கள்; ஆண்டிபயாடிக் போடுவதற்கு முன்பே எடுத்தார்கள். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி வளராமலே போகலாம், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதும் தெரியாது. இரத்தத்தில் லாக்டேட் என்ற பொருளின் அளவு 3.1 என்று வந்தது. 2க்கு மேல் போனால் திசுக்களுக்குப் போதிய இரத்த ஓட்டம் இல்லையோ என்று ஐயப்பட வேண்டும்.

அடுத்து நடந்ததில்தான் எனக்குக் கடுமையான குறை இருக்கிறது. ஆண்டிபயாடிக் எழுதப்பட்ட சீட்டை என் கையில் கொடுத்து, கீழே பார்மசியில் வாங்கி வரச் சொன்னார்கள். பார்மசியில் ஒரே ஊழியர். எனக்கு முன்னால் டிஸ்சார்ஜ் மருந்துக்கு ஒரு குடும்பம் நின்றிருந்தது. என் முறை வந்தபோது முன்பணக் கணக்கில் பாக்கி போதாது, பில்லிங்கில் கட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள். பில்லிங்கில் கார்டு இயந்திரம் வேலை செய்யவில்லை. மேலே ஒரு மனிதர் எண்ணி எண்ணிச் சம்பாதித்துக் கொடுத்த நேரத்தைக் கீழே இரண்டு ஜன்னல்கள் சேர்ந்து செலவழித்தன. முதல் டோஸ் உள்ளே போகும்போது முக்கால் மணி நேரத்திற்கு மேல் ஆகியிருந்தது.

எல்லாக் காய்ச்சலுக்கும் ஓடிப்போய் ஆண்டிபயாடிக் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் நம் பகுதியில் டெங்கு நோயாளிகள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. 2021ஆம் ஆண்டின் சர்வைவிங் செப்சிஸ் என்ற சர்வதேச வழிகாட்டுதலும் இதைப் பிரித்தே சொல்கிறது: அதிர்ச்சி நிலை (இரத்த அழுத்தம் விழுந்து உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகும் ஷாக்) இருந்தாலோ, செப்சிஸ் என்பது ஏறக்குறைய உறுதியானாலோ ஒரு மணி நேரத்திற்குள், அதிர்ச்சி இல்லாமல் ஐயம் மட்டும் இருந்தால், விரைந்து சோதித்துப் பார்த்து, ஐயம் நீங்காவிட்டால் மூன்று மணி நேரத்திற்குள். பெரியப்பா முதல் வகை. இரத்த அழுத்தம் விழுந்த பிறகு, முதல் ஆறு மணி நேரத்தில், சரியான ஆண்டிபயாடிக் தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 விழுக்காடு குறைந்ததாக 2006இல் வந்த ஓர் ஆய்வு கூறியது. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த எண்ணை விவாதித்தாலும், அதிர்ச்சி நிலையில் தாமதம் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. முதல் டோஸுக்கான நாலைந்து மருந்துகளை வார்டு அலமாரியில் பூட்டி வைத்து, பணத்தைப் பிறகு கணக்கில் ஏற்றிக்கொள்வதில் என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

அதற்குள் அழுத்தம் 88க்கு 52 என்று இறங்கியிருந்தது. கீழ் அழுத்தத்துக்கு இரு பங்கு எடை கொடுத்துக் கணக்கிடும் சராசரி அழுத்தம் 65க்குக் குறையாமல் வைத்திருப்பதே இலக்கு, அவருக்கு 64. ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் திரவம் வேகமாக ஏற்றப்பட்டது. கிலோவுக்கு 30 மில்லி என்ற கணக்கில், 60 கிலோ எடையுள்ளவருக்கு மூன்று மணி நேரத்தில் 1,800 மில்லி, அதாவது அரை லிட்டர் பாட்டிலில் மூன்றரைக்குச் சற்று மேல். வயதானவர் என்பதால் டாக்டர் ஒவ்வொரு பாட்டிலுக்குப் பிறகும் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து நுரையீரலில் நீர் கோக்கிறதா என்று கேட்டார். அழுத்தம் பிடிக்காதபோது, கழுத்தில் பெரிய குழாய் போடும்வரை காத்திருக்காமல், முன்கையில் இருந்த ஊசி வழியாகவே, அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்தைத் தொடங்கினார். அதுவும் இப்போது ஏற்கப்பட்ட நடைமுறைதான் என்றாலும், அறிந்து துணிந்து செய்பவர்கள் எல்லா ஊரிலும் இல்லை.

இந்த நேரத்தில் என் அண்ணன், பழைய வண்ணாரப்பேட்டைக்காரர் எவருக்கும் தோன்றுவதுபோல, ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார். அங்கே தீவிர சிகிச்சை வசதி உண்டு, செலவும் இல்லை, யோசனை தவறில்லை. ஆனால் அழுத்தம் நிலைக்காத நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றி, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் கொண்டுபோவதற்கு முன், கல்ச்சரும் முதல் டோஸும் டிரிப்ஸும் முடிந்திருக்க வேண்டும். டாக்டர் இதை மிரட்டாமல், "இதை முடிச்சிட்டு நீங்க எங்க கூட்டிப்போனாலும் நானே லெட்டர் எழுதித் தரேன் அண்ணே," என்று சொன்னதைக் குறிப்பிட வேண்டும். நோயாளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பேச்சாக அது இல்லை. அங்கேயே ஐ.சி.யூ.வுக்கு மாற்றச் சம்மதித்தோம்.

மறுநாள் காலை அறுவை மருத்துவர் கட்டைப் பிரித்து, புண்ணின் அடியில் தேங்கியிருந்த சீழை வடித்தார். தொற்றின் ஊற்றை அடைக்காமல் மருந்தை மட்டும் ஏற்றுவது பயன் தராது என்பதால் இது ஆண்டிபயாடிக்கிற்கு நிகரான சிகிச்சை. கல்ச்சரில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி வளர்ந்து, எளிய மருந்துக்கே கட்டுப்படும் வகை என்று தெரிந்ததும், முதலில் தொடங்கிய மெரோபெனெம், வான்கோமைசின் இரண்டையும் நிறுத்தி செஃபாசோலினுக்கு மாற்றினார்கள். விலை உயர்ந்த மருந்தைத் தொடர்ந்தால் பில் கூடியிருக்கும். அதைச் செய்யாத நேர்மைக்கு என் தனிப்பட்ட மரியாதை உண்டு. சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு 1.9 வரை ஏறியிருந்தது, 1.2க்கு இறங்கியது. ஐ.சி.யூ.வில் உறவினருக்கு நாளொன்றுக்கு ஒருமுறை விளக்கம் சொல்கிறார்கள். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் வராது.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் "சர்க்கரை நோய், கால் புண், சீழ் அகற்றம்" என்று மட்டுமே இருந்தது. செப்சிஸ் என்ற சொல்லே இல்லை. நான் கேட்ட பிறகு திருத்தித் தந்தார்கள். இது எழுத்துப் பிழை போன்ற சிறு விஷயம் அல்ல. செப்சிஸிலிருந்து மீண்டவர்களுக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் களைப்பும் மறதியும் தூக்கமின்மையும் இருக்கும். மறுபடி தொற்று ஏற்பட்டு மருத்துவமனைக்குத் திரும்ப வரும் அபாயமும் கூடுதல். அடுத்த முறை வேறொரு மருத்துவர் அந்தத் தாளைப் பார்க்கும்போது, இவருக்குக் காய்ச்சல் இல்லாமலே செப்சிஸ் வந்திருக்கிறது என்ற ஒற்றை வரி அவருக்குக் கைகொடுக்கும். பெரியம்மாவிடமும் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

இரவில் ஒழுங்காக இயங்கும் வார்டும் அழைத்தவுடன் வரும் மருத்துவரும் வேண்டும் என்பவர்களுக்கு, சேர்க்கும்போதே முன்பணத்தைக் கூடுதலாகக் கட்டிவைத்துக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கையோடு, இந்த மருத்துவமனையைப் பரிந்துரைப்பேன். பகல் நேரத்தில் அட்டையின் மூச்சுக் கட்டத்தை நீங்களே ஒருமுறை பாருங்கள், எண்கள் மாறாமல் இருந்தால், "சிஸ்டர், ஒரு தடவை எண்ணிப் பாக்குறீங்களா?" என்று தன்மையாகக் கேளுங்கள். என் அனுபவத்தில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பார்மசி தாமதம் குறித்து எழுத்தில் புகார் கொடுத்தேன். நிர்வாகத்திலிருந்து பதில் வந்தது: இரண்டாம் மாடியில் முதல் டோஸ் மருந்துப் பெட்டி வைக்கப்பட்டுவிட்டது, பணம் பிறகு வசூலிக்கப்படும். கட்டு மாற்றப் பெரியப்பாவை அழைத்துச் சென்றபோது அந்தப் பெட்டியைப் பார்த்தேன். முதல் மாடி மகப்பேறு வார்டில் இன்னும் வைக்கவில்லை. அங்கே தொங்கும் அட்டையும் அதே நியூஸ் 2 அட்டைதான். கர்ப்பிணிகளின் நாடியும் அழுத்தமும் இயல்பிலேயே வேறுபடுவதால் அவர்களுக்கு அந்த மதிப்பெண் முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிட்டவர்களே சொல்லியிருக்கிறார்கள். மகப்பேறுக்கென்று தனி அட்டை வேண்டும் என்று இரண்டாவது கடிதம் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.