நிலை வாசலுக்குப் பெயிண்ட் கோலமா, ஸ்டிக்கர் கோலமா?

தினமும் கோலமிட நேரமில்லாத வீடுகளில் எழும் கேள்வி இது. விடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உங்கள் தரைதான்.

தரை
பெயிண்ட்: சிவப்பு ஆக்சைடு, சிமென்ட் தரைகளில் நன்றாகப் பிடிக்கும். வழவழப்பான டைல்ஸில் நாளடைவில் செதில் செதிலாக உரியும்.
ஸ்டிக்கர்: டைல்ஸிலும் கிரானைட்டிலும் கச்சிதமாக ஒட்டும். சொரசொரப்பான சிமென்ட்டில் நிற்காது.

செலவு
இரண்டுமே கைக்கு அடக்கம். ஒரு சிறிய டப்பா வெள்ளை எனாமல் பூஜையறைக்கும் சேர்த்து வரும்.

உழைப்பு
பெயிண்ட்: தரையைக் கழுவி, ஈரம் முழுதும் காய்ந்த பிறகே தூரிகையைத் தொட வேண்டும். முதலில் சாக்பீஸால் புள்ளி வைத்து வரைந்துகொள்ளுங்கள். இழை கோணினால் அப்போதே துடைத்துவிடலாம். இரவில் வரைந்தால் விடிவதற்குள் காய்ந்துவிடும், யாரும் மிதிக்கவும் மாட்டார்கள்.
ஸ்டிக்கர்: பின்தாளைச் சிறிது சிறிதாக உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் அழுத்தினால் காற்றுக்குமிழி வராது.

உழைக்கும் காலம்
பெயிண்ட்: மங்கினால் மேலேயே மீண்டும் இழுக்கலாம்.
ஸ்டிக்கர்: மாப் படப்பட ஓரம் கிளம்பும், அதில் அழுக்குச் சேரும். கிளம்பியதை எடுத்துவிடுவதே நல்லது. எஞ்சும் பசையைத் தேங்காய் எண்ணெய் கரைத்துவிடும்.

வாடகை வீடென்றால் ஸ்டிக்கர் போதும். சொந்த வீடு, சிமென்ட் வாசல் என்றால் தயங்காமல் பெயிண்ட். கை வரைந்த இழையின் அழகு எந்த அச்சுக்கும் வராது. மார்கழியில் மட்டும் இரண்டையும் விட்டு, பச்சரிசி மாவை எடுங்கள், எறும்புக்கும் உணவாகும்.