காசிமேட்டுக்கு ரேஞ்ச்ஃபைண்டர், வலை பின்னுகிற கைக்கு எஸ்.எல்.ஆர்.: 7 வருட அனுபவம்

வீடு தண்டையார்பேட்டை. 7 வருடமாக ஃபிலிமில்தான் தெருப் படம் எடுக்கிறேன். முதல் 3 வருடம் நிக்கான் எஃப்எம்2 மட்டும், அது லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கிற எஸ்.எல்.ஆர். அப்புறம் கேனானெட் க்யூஎல்17 ஜி3 வந்து சேர்ந்தது, அது தனி ஜன்னலில் இரண்டு பிம்பத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்கிற ரேஞ்ச்ஃபைண்டர். இப்போது பெரும்பாலும் கையில் இருப்பது கேனானெட்தான். ஆனால் எஃப்எம்2-ஐ யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் களைகட்டிவிடும். கூடை, ஐஸ், தள்ளுவண்டி, விலை கூவுகிற சத்தம், காலடியில் மீன் தண்ணீர் என்று நிற்கவே இடம் இருக்காது. அங்கே எஸ்.எல்.ஆரில் கண்ணை வைத்தால் லென்ஸுக்குள் விழுவது மட்டும்தான் தெரியும், பக்கவாட்டில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அண்ணன் ஓடி வருவது அவர் இடிக்கிற வரைக்கும் தெரியாது. ரேஞ்ச்ஃபைண்டரில் பார்ப்பது லென்ஸ் வழியாக இல்லை. மேலே தனியாக ஒரு ஜன்னல், அதற்குள் ஒளிரும் கோடுதான் பிரேம், கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்ச இடத்தில்தான் அடுத்த படம் நடந்து வருகிறது.

எஸ்.எல்.ஆரில் ஷட்டரை அழுத்தியதும் உள்ளே கண்ணாடி எழும்பி ஒரு கணம் இருட்டாகிவிடும், அதாவது படம் விழுகிற அந்தக் கணத்தை மட்டும் நாம் பார்ப்பதே இல்லை. கேனானெட்டில் அந்த இருட்டு கிடையாது. வஞ்சிரத்துக்கு விலை சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தை ஓரக்கண்ணால் அளந்தாரே ஒரு அக்கா, அது விழுந்துவிட்டது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்தது. கண்ணாடி அடிக்கிற அதிர்வும் இல்லாததால் டியூப்லைட் வெளிச்சத்தில் லென்ஸை எஃப் 1.7-க்கு முழுசாகத் திறந்து வைத்து, ஷட்டர் வேகம் 1/30 நொடி, மூச்சைப் பிடித்தால் 1/15 வரைக்கும் கையிலேயே எடுத்துவிடுகிறேன். சத்தம் ஒரு சின்ன ‘டிக்’. எஃப்எம்2-ஐத் தூக்கினால் "எந்த பேப்பர் தம்பி?" என்று கேட்பார்கள். கேனானெட்டைப் பார்த்தால் "ஃபிலிம் இன்னும் கெடைக்குதா?" என்று கேட்பார்கள், பேச்சு ஆரம்பித்துவிடும்.

பகலில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஃபோகஸே செய்வதில்லை. 40 மி.மீ. லென்ஸ், எஃப் 8, தூரம் 3 மீட்டர் என்று வைத்துவிட்டால் சுமார் 2 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை தெளிவாக வரும். இதை எஸ்.எல்.ஆரிலும் செய்யலாம், உண்மைதான். ஆனால் திரையில் மங்கலாகத் தெரிந்தால் கை தானாக ஃபோகஸ் வளையத்துக்குப் போய்விடுகிறது, ரேஞ்ச்ஃபைண்டரில் எல்லாமே தெளிவாகத் தெரிவதால் ஆளை மட்டும் கவனிக்க முடிகிறது.

அந்தத் தெளிவே ஆபத்தும்கூட. லென்ஸ் மூடியைக் கழற்றாமல் பாதி ரோல் எடுத்திருக்கிறேன், ஜன்னலில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது. அதைவிடப் பெரிய இழப்பு, ஒருமுறை கேமரா பஸ்ஸில் அடிபட்டு உள்ளே தூரம் அளக்கிற அமைப்பு விலகியது தெரியாமல் 36 படமும் மங்கலாகப் போனது. எஸ்.எல்.ஆரில் பார்த்ததுதான் படம் என்பதால் உடனே சந்தேகம் வந்திருக்கும். அன்றிலிருந்து கிளம்பும்போது ராயபுரத்தில் ராயப்பர் கோயில் கோபுரத்தைத் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துக்கொள்வேன், ஃபோகஸை முடிவிலியில் வைத்தால் ஜன்னலில் தெரிகிற இரண்டு பிம்பமும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும்.

கிட்டத்தில் போக வேண்டுமென்றால் கேனானெட் கைவிட்டுவிடும், 0.8 மீட்டருக்குக் கிட்டே அது ஃபோகஸ் ஆகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, படகெல்லாம் கரையில் கிடக்கும், பெரியவர்கள் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். நூல் சுற்றிய விரல், தழும்பு, நகம் எல்லாம் வேண்டும். என் எஃப்எம்2-வின் 50 மி.மீ. லென்ஸ் 0.45 மீட்டர் வரை கிட்டே போகிறது, ஓரத்தில் எது வெட்டுப்படுகிறது என்பதும் ஏறக்குறைய சரியாகத் தெரிகிறது. வியாசர்பாடியில் பையன்கள் பந்து ஆடுவதை எடுக்கவும் அதுதான், 135 மி.மீ. மாட்டினால் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றே வேலை முடிந்துவிடும். கேனானெட்டில் லென்ஸ் மாற்றவே முடியாது.

லென்ஸ் மாற்றக்கூடிய ரேஞ்ச்ஃபைண்டரான லைக்கா வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்று கேட்கிறவர்கள் நிறைய. 1954-இல் வந்த எம்3 வழியாக ஒரு தடவை பார்த்திருக்கிறேன், ஜன்னலில் காட்சி வெறும் கண்ணுக்குத் தெரிவதில் 0.91 மடங்கு என்பதால் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டே பார்க்கலாம், அருமை. ஆனால் அதில் 50, 90, 135 மி.மீ. லென்ஸுக்குத்தான் கோடு உண்டு, நம் சந்துகளில் 50-இன் அகலம் எனக்குப் பத்தாது.

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கப் போனால் முதலில் ஜன்னலின் நடுவில் இருக்கிற சின்னக் கட்டத்தைப் பாருங்கள். வெயிலில் ஒரு கம்பத்தைப் பார்த்தால் அதில் இரண்டாவது பிம்பம் அழுத்தமாகத் தெரிய வேண்டும். வெளிறியிருந்தால் விலை குறைத்தாலும் வேண்டாம். அப்புறம் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள், கடற்கரை ஓரத்தில் இருந்த கேமராவாக இருந்தால் கட்டாயம். வெளிச்சம் அளக்கிற மீட்டர் செத்திருந்தால் பரவாயில்லை, கேனானெட் பேட்டரியே இல்லாமல் மேனுவலில் ஓடும். ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிம் போட்டு, நல்ல வெயிலில் எஃப் 16, 1/500 வைத்து எடுங்கள்.