கண் பிரஷர் இருக்கிறவர்கள் புரை ஆபரேஷனுக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

85,000 ரூபாய். ஆலங்குளம் பக்கத்தில் எங்கள் அம்மா பீடி சுற்றி, சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரி அதை ஒற்றைக் கண்ணுக்கு வாங்கிக்கொண்டு எங்களை நடுத்தெருவில் விட்டுவிட்டது. வயிறு எரிகிறது.

அம்மாவுக்குப் புரையும் உண்டு, கிளாக்கோமாவும் உண்டு; அதாவது கண் பிரஷர் பார்வை நரம்பைக் கெடுக்கிற நோய். பல வருஷமாகச் சொட்டு மருந்து போடுகிறாள். பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் மேஜையில் பரப்பினோம். கவுன்சிலிங் அறைப் பெண் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆச்சி, எங்கம்மாவா இருந்தா மல்டிபோகல் லென்ஸ்தான் வைப்பேன். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் அது ஒண்ணே போதும், கண்ணாடியே வேண்டாம். புரையை எடுத்தா பிரஷரும் இறங்கிரும், சொட்டு மருந்தை விட்டுரலாம்." அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "கட்டிருல" என்றாள்.

ஆபரேஷன் முடிந்து அந்த லென்ஸை வைத்தார்கள். இப்போது சுளகில் இலை எது, தூள் எது என்று அவளுக்குப் பிரித்துத் தெரியவில்லை. விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறதாம். போய்க் கேட்டால், "பழகணும், மூணு மாசம் ஆகும்." அப்புறம், "டாக்டர் தியேட்டர்ல இருக்காங்க." அதற்கப்புறம், "கிளாக்கோமா வேற டிபார்ட்மெண்ட் அண்ணாச்சி." 85,000 ரூபாய்க்குப் பில்லில் 'பேக்கேஜ்' என்று ஒரே வரி!

வேறு டாக்டரிடம் காட்டினோம். பிரஷர் 32. சாதாரணமாக 21-க்குள் இருக்க வேண்டுமாம். மல்டிபோகல் வெளிச்சத்தைப் பிரித்து அனுப்புவதால் மங்கல் கூடும். நரம்பு பாதித்த கண்ணுக்குப் பொதுவாக அதை வைப்பதில்லை, சாதாரண லென்ஸே போதும் என்றார். புரையை எடுத்தால் பிரஷர் ஓரளவுதான் இறங்கும். கோணம் அடைபட்ட வகை கிளாக்கோமா என்றால் கூடுதலாக இறங்கலாம். பிரஷர் அடங்காமல் நரம்பும் கெட்டிருந்தால், புரையோடு சேர்த்து, கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிய வழி செய்யும் டிராபெக்குலெக்டமியையும் ஒரே நேரத்தில் செய்வதுண்டாம். இதில் ஒரு வார்த்தை எங்களிடம் யாராவது சொன்னார்களா? கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது என்பதையும் இப்போதுதான் கேட்கிறோம்.

உங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, எழுத ஓடவில்லை. லென்ஸ் பேச்சைக் கவுன்சிலரோடு முடிக்காதீர்கள், கிளாக்கோமா பார்க்கிற டாக்டரிடமே கேளுங்கள். பணம் கட்டும் முன் பீல்டு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்; சுற்றுப் பார்வை எவ்வளவு போயிருக்கிறது என்று அதில் தெரியும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் புரை ஆபரேஷன் இலவசம், முதலில் அங்கே காட்டுங்கள். சொட்டு மருந்தை நிறுத்தச் சொன்னால் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.