ரூ.18,600 போச்சு: மரமேறும் சேடில் செட் ஆன்லைன்ல வாங்கறவங்க கவனத்துக்கு

பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்ங்க. பணம் போட்ட நிமிஷத்துல இருந்து பார்சல் வர்ற வரைக்கும் "சொல்லுங்ணா, சொல்லுங்ணா"ன்னு அத்தனை மரியாதை. பிரிச்சுப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதுக்கு அப்புறம் அந்த மரியாதை போன இடம் தெரியலை. இன்னிக்குக் காலைல நம்பரையே பிளாக் பண்ணிட்டான். புகார் குடுத்திருக்கறதால பேர் போடலை. ரீல்ஸ்ல விளம்பரம் ஓட்டி, வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து, கொரியர்ல அனுப்பற "அட்வென்சர் சாமான்" கடை. அப்படி ஒரு கடை நிஜமா இருக்குதான்னே இப்ப சந்தேகம். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு வச்சிருக்கறவங்களைக் குறி வச்சுத்தான் விளம்பரம் ஓடுது, அதனால அவசரமா எழுதறேன். எதைப் பார்த்து வாங்கணும், வாங்கினா எப்படிப் பழகணும், ரெண்டையும் சொல்லிடறேன்.

சேடில்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: அமெரிக்காவுல வில்லு வச்சு மான் வேட்டைக்குப் போறவங்க மரத்துல மணிக்கணக்கா சாஞ்சு உக்கார்றதுக்குப் போட்டுக்கற இடுப்புக் கட்டு. நம்ம நாட்டுல வேட்டையே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம். ஆனா சாமான் தோப்பு வேலைக்குத் தோதானது. பெடல் வச்ச மரமேறும் மெஷின்ல மேல போயிடலாம், காய் வெட்டறதுக்கு அது போதும். தொல்லை எல்லாம் கொண்டையில நின்னு செய்யற வேலையிலதான். காண்டாமிருக வண்டுக்கு, உள்ளடுக்கு மூணு மட்டை இடுக்குல மரத்துக்கு 3 நாப்தலீன் உருண்டை, 45 நாளைக்கு ஒருக்கா வைக்கச் சொல்லுது வேளாண் பல்கலைக்கழகம். பன்னாடையை விலக்கி, அடிக்குருத்து வரைக்கும் பார்த்து வைக்கணும்னா ரெண்டு கையும் வேணும். ஒரு கையில மரத்தைக் கட்டிப் பிடிச்சுட்டு அது நடக்காது. சேடில் போட்டுச் சாஞ்சா ரெண்டு கையும் உங்களோடது.

செட்டுல இருக்க வேண்டியது இவ்வளவுதான். இடுப்பும் பிட்டமும் தாங்கற அகலமான பெல்ட். ரெண்டு தொடை வார். பெல்ட்டோட ரெண்டு பக்க வளையத்தையும் முன்னால இணைக்கற பிரிட்ஜ் கயிறு. மரத்தைச் சுத்தி இறுக்கி, பிரிட்ஜை மாட்டித் தொங்கற டெதர். ஏறும்போது மரத்தைச் சுத்தி இடுப்புல போட்டுக்கற லைன்மேன் கயிறு. டெதர்லயும் லைன்மேன் கயித்துலயும் நீளம் கூட்டிக் குறைக்கப் புருசிக் முடிச்சு (எடை விழுந்தா கயித்தைக் கடிச்சு நிக்கற முடிச்சு), கூட லாக் வச்ச காரபைனர் (வாய் திறந்து மூடற உலோகக் கொக்கி). இந்த விளம்பரத்துல மரத்துல கட்டற நாலு ஏணிக்குச்சியும் சேர்த்து ரூ.18,600ன்னு போட்டிருந்தாங்க.

நம்பிக்கை எங்க விழுந்துச்சுன்னு சொல்றேன், ஏன்னா அடுத்த ஆளையும் இவன் இப்படித்தான் பிடிப்பான். போன் பண்ணின உடனே விலையைச் சொல்லலை. இடுப்பு அளவு கேட்டான், தொடை அளவு கேட்டான், ஏறற ஆளோட எடை கேட்டான். "மரத்துச் சுத்தளவு நெஞ்சு உசரத்துல எவ்வளவுங்ணா? அடில பருமனா மேல சிறுத்தா? அதுக்குத் தக்க டெதர் நீளம் மாத்தி அனுப்பணும்ங்ணா"ன்னான். இந்தக் கேள்வி கேக்கறவன் தொழில் தெரிஞ்சவன்னுதானே யாருக்கும் தோணும்? பேச்சும் அச்சு நம்மூர்ப் பேச்சு. வீடியோ கால்ல ஒரு பையன் வேப்ப மரத்துல சாஞ்சு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டறான். அடுத்து ஒரு சான்றிதழ் பிடிஎஃப் வந்துச்சு, அதுல இஎன் 358, இஎன் 813ன்னு இருக்கு. முதலாவது வேலை நேரத்துல சாஞ்சு நிக்கற பெல்ட்டுக்கான ஐரோப்பிய தர எண், ரெண்டாவது உக்காந்து தொங்கற ஹார்னஸுக்கானது (உடம்புல மாட்டற வார்க் கட்டு). சரியான எண்ணுங்க. கண்ட எண்ணைப் போட்டிருந்தா அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "உங்க சைஸுக்குத் தைக்கறதால முழுப் பணமும் முன்னாடியே போட்டுடுங்ணா"ன்னதும் அந்தக் கணக்குலயே நியாயமாத் தெரிஞ்சுது. ரூ.18,600 மொத்தமாப் போச்சு.

வந்த பார்சல் லட்சணத்தைக் கேளுங்க.

முதல்ல கயிறு. போட்டோல இருந்தது உள்ள நாரும் மேல நெய்த உறையுமா இருக்கற 11 மி.மீ. கயிறு. வந்தது பளபளன்னு வழுக்கற பாலிப்ரொப்பிலீன். இதைக் கண்டுபிடிக்க லேப் எதுவும் வேண்டாம், ஒரு துண்டு வெட்டிப் பக்கெட் தண்ணில போட்டு நல்லா அமுக்கி விடுங்க. நைலான், பாலியெஸ்டர் முழுகும். பாலிப்ரொப்பிலீன் தண்ணியை விட லேசு, மறுபடி மேல வந்துடும். இது வந்துச்சு. மாட்டுக்கும் தார்ப்பாய்க்கும் கட்டறதுக்கு அது நல்ல கயிறுதான், குத்தம் சொல்லலை. உசிரைக் கட்டக் கூடாது. வெயில்ல சீக்கிரம் இத்துப் போகும். சுமார் 165 டிகிரிலயே உருகிடும், நைலான் 200ஐத் தாண்டித்தான் உருகும். புருசிக் வழுக்கி ஓடினா உரசற சூட்டுக்கே மேல்நார் இளகி இன்னும் வேகமா வழுக்கும்.

ரெண்டாவது புருசிக். இதைத்தான் பார்த்ததும் ரத்தம் கொதிச்சுது. புருசிக் பிடிக்கறதே, தடிக் கயித்து மேல அதை விட மெல்லிசான, வளையற கயிறு மூணு சுத்துப் போட்டுக் கடிக்கறதாலதான். 11 மி.மீ.க்கு 8 மி.மீ. சரியா இருக்கும். இவன் அனுப்பினது ரெண்டும் ஒரே தடிமன், ஒரே வறட்டுக் கயிறு. மூணு சுத்துக்கு அஞ்சு சுத்துப் போட்டாலும் பிடிக்கலை. முழங்கால் உசரத்துல கட்டி எடையைப் போட்டா சர்ருன்னு கடைசி முடிச்சு வரைக்கும் ஓடுது. நாப்பது அடி உசரத்துல இப்படி ஓடினா யார் பதில் சொல்றது?

மூணாவது காரபைனர். உடம்புல எண்ணே இல்லை. உசிர் தாங்கற காரபைனர்னா நீளவாக்குல எத்தனை கிலோநியூட்டன், குறுக்குவாக்குல எத்தனை, வாய் திறந்திருந்தா எத்தனைன்னு பொறிச்சிருக்கும். நீளவாக்குல 20க்குக் குறையக் கூடாது. 22 கிலோநியூட்டன்னா சுமார் 2,240 கிலோ எடை. இதுல லாக்கும் இல்லை, வெறும் ஸ்பிரிங் வாய். சாவிக்கொத்துல தொங்க விடற சாமான் அது. மட்டையில உரசினா தன்னால திறக்கும்.

நாலாவதுதான் வெளியில தெரியாத மோசம். லைன்மேன் வளையம் ரெண்டையும் பெல்ட்டோட சுமை தாங்கற வார்ல தைக்கணும். ஒரே இடத்துல நெருக்கி முன்னும் பின்னுமா அடிச்ச தையல் பட்டை பட்டையாத் தெரியும், நூலும் வேற நிறத்துல இருக்கும், அறுந்தா கண்ணுக்குப் படணும்னே அப்படி. இதுல வளையம் இருக்கறது மேல் துணியில, அரிவாள் மாட்டற வளையம் தைக்கற மாதிரி நேர்க்கோட்டுல ஒத்தைத் தையல். ஒருத்தர் காலை ஊணி ரெண்டு கையால இழுத்ததுக்கே தையல் வாய் விட்டுச்சு. தொடை வார்ல இருந்தது பிளாஸ்டிக் கிளிப், ஸ்கூல் பையில இருக்குமே அதே ரகம். சான்றிதழ்ல இருந்த மாடல் நம்பரை பெல்ட்டுல தேடினா, லேபிளே தைக்கலை. நாலு ஏணிக்குச்சி வரவே இல்லை, "பேலன்ஸ் பார்சல்ல வருதுங்ணா".

இனி பதில்களைப் பாருங்க. முதல் நாள், "கொரியர்ல மாறிப் போயிருக்கும்ங்ணா, செக் பண்றேன்." அடுத்த நாள், "பிரிக்கறப்ப வீடியோ எடுத்தீங்களா? எடுக்காட்டி ரிட்டன் இல்லைங்க." வீடியோ இருந்துச்சு, அனுப்பினோம். "இதுல கொரியர் ஸ்டிக்கர் தெளிவா இல்லைங்க." தெளிவா ஒரு போட்டோ அனுப்பினா, "சைஸுக்குத் தைச்சதுங்க, திரும்ப எடுக்க மாட்டோம்." எங்க அளவுக்கும் அந்த பெல்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை, அது வேற சேதி. அப்புறம் "மேனேஜர்"னு ஒருத்தன் பேசினான், குரல் அதே குரல்: "சார், இது வேட்டைக்கான சாமான். நீங்க தென்னை மரத்துல போட்டீங்கன்னா வாரண்டி கேன்சல்." மரத்துச் சுத்தளவு கேட்டது யாருடா? அந்த மெசேஜையே எடுத்து அனுப்பினோம். கடைசியா, "ரூ.2,000 கூப்பன் தர்றேன், அடுத்த பர்ச்சேஸ்ல கழிச்சுக்குங்க." ரூ.18,600க்கு ரூ.2,000 கூப்பன்! அதுக்கும் மேல கேட்டதுக்குத்தான் பிளாக்.

பழகற முறை விவரமா எழுதறேன்னு மேல சொல்லிட்டேன், இப்ப இருக்கற எரிச்சல்ல முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

நல்ல செட்டு கிடைச்சாலும் முதல்ல பாதம் தரையில இருந்து ஒரு அடிக்கு மேல போக வேண்டாம். டெதரை மரத்தைச் சுத்திக் கொண்டு வந்து, அதோட நுனியில தைச்ச கண்ணுக்குள்ள (வளையத்துக்குள்ள) கோத்து மரத்துல சுருக்கா இறுக்குங்க, நெத்தி உசரத்துல. வெறுமனே சுத்திப் போட்டா தென்னையில நிக்காது, கிளை இல்லாத வழவழப்பு மரம், எடை விலகின உடனே கீழ இறங்கிடும். பிரிட்ஜ் காரபைனரைப் புருசிக்ல மாட்டி, லாக்கைத் திருகி, மெதுவாச் சாயுங்க. இடுப்பெலும்பு ரெண்டையும் கிடுக்கி மாதிரி நெறிச்சா பிரிட்ஜை நீட்டுங்க. ரொம்ப நீட்டினா மரம் கைக்கு எட்டாது. டெதரை ஏத்திக் கட்டினா உக்கார்ற வாக்கு, இறக்கினா சாயற வாக்கு. கால் மரத்துப் போனா தொடை வாரைத் தளர்த்துங்க.

டெதர்ல தொய்வு மட்டும் விடவே விடாதீங்க. அது இழுபடாத கயிறு, ரெண்டு அடி விழுந்து நின்னாலே இடுப்பு முறியற அடி அடிக்கும். சேடில் சாஞ்சு வேலை செய்யறதுக்கு, விழறவனைப் பிடிக்கறதுக்கு இல்லை. தலைகீழாப் போனா உடம்பு அதுல இருந்து நழுவிடும். சம்பளத்துக்கு ஆள் ஏத்தறவங்க முழு உடம்பு ஹார்னஸ் வாங்கிக் குடுங்க, ஐஎஸ் 3521ங்கற இந்தியத் தர எண் பார்த்து. ஐஎஸ்ஐ முத்திரையோட இருக்கற சிஎம்/எல் நம்பரை (லைசென்ஸ் நம்பர்), இந்திய தர நிர்ணய அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா உண்மையா பொய்யான்னு தெரிஞ்சிடும். மட்டையிலயோ குலையிலயோ கயிறு மாட்டக் கூடாது, தண்டுல மட்டும். லைன்மேன் கயித்தைக் கழட்டறதுக்கு முன்னாடி டெதர்ல எடை முழுசா இறங்கியிருக்கணும். மழை பேஞ்ச மறுநாள் ஏற வேண்டாம். கீழ ஒருத்தர் நிக்காம ஏறவே வேண்டாம், மயங்கி ஹார்னஸ்ல அசையாமத் தொங்கினா சில நிமிஷத்துலயே உசிருக்கு ஆபத்து.

பணம் போயிருந்தா: உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிங்க, லேட் ஆக ஆகப் பணம் கைமாறிடும். நுகர்வோர் உதவி எண் 1915. 2020 மின்வணிக விதிப்படி விக்கறவன் உங்க புகாரை 48 மணி நேரத்துல ஏத்துக்கிட்டதாச் சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். அப்படி எதுவும் நடக்கலைன்னு புகார்ல எழுதுங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. இறக்குமதி சாமான்னு சொன்னா இறக்குமதியாளர் பேரும் முகவரியும் பாக்கெட்டுல அச்சடிச்சிருக்கணும், இல்லாட்டி அதையும் போட்டோ எடுத்து வைங்க. வாட்ஸ்அப் பேச்சை எக்ஸ்போர்ட் பண்ணி வேற இடத்துல சேமிங்க. அந்தக் கயித்தை யாருக்கும் குடுக்காதீங்க, "சும்மா குட்டை மரத்துக்கு ஆகும்"னு யாராவது கேப்பாங்க. கொரியர் கவரைக் கிழிச்சு எறியாதீங்க, அனுப்பினவன் முகவரின்னு ஒண்ணு இருக்கறது அதுல மட்டும்தான்.