பன்றி ஸ்லரிக்கு அமில வைத்தியம்: டென்மார்க்கின் சிரென் கருவி காசுக்குத் தகுமா?

முளைத்து நிற்கிற கோதுமைக்குள் பன்றி ஸ்லரி, அதாவது சாணமும் சிறுநீரும் கலந்த குழம்பு, விடுகிறவருக்கு சிரென் உதவும். பயிர் இல்லாத வெறும் நிலத்தில் விடுகிறவருக்கு இது தண்டச் செலவு. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்.

சிரென், டென்மார்க்கின் பயோகவர் நிறுவனம் செய்யும் கருவி. டேனிஷ் மொழியில் 'சிரெ' என்றால் அமிலம், கடைசியில் வரும் 'என்' தழைச்சத்தின் (நைட்ரஜனின்) குறியீடு. பெயரிலேயே வேலை அடங்கிவிட்டது. ஸ்லரி டேங்கர் வயலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கந்தக அமிலத்தைக் கலந்து, அம்மோனியாவாகப் பறக்க வேண்டிய தழைச்சத்தை அம்மோனியமாகவே மண்ணில் இறக்குவதுதான் அந்த வேலை. வேளாண் சுற்றுச்சூழல் கருவிகளைச் சோதித்துத் தரும் வேரா சான்று பெற்றது.

தழைச்சத்து எப்படிப் பறக்கிறது என்று தெரியாமல் இதை எடைபோட முடியாது. பன்றியின் சிறுநீரில் இருக்கும் யூரியா, கொட்டகைக் குழியிலேயே சாணத்தில் உள்ள யூரியேஸ் நொதியால் உடைந்து அம்மோனியமாகிவிடும். மண்மேல் யூரியாவைத் தூவிவிட்டுத் தண்ணீர் கட்டாமல் விட்டால் நடக்கும் அதே வேதிவினை. நாலு சதவீதம் திடப்பொருள் உள்ள பன்றி ஸ்லரியில் கனமீட்டருக்குச் சுமார் 3.6 கிலோ தழைச்சத்து இருக்கும், அதில் ஏறத்தாழ 2.5 கிலோ அம்மோனியம். இந்த அம்மோனியம் பயிருக்கு உடனே கிடைக்கும் பங்கு, காற்றோடு உடனே போகக்கூடிய பங்கும் அதுவே.

டேங்கில் கிடக்கும் பன்றி ஸ்லரியின் பிஎச் 7.5-ஐ ஒட்டி இருக்கும். தரையில் விழுந்ததும் அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு முந்திக்கொண்டு வெளியேறும், அதனால் மேற்பரப்பின் பிஎச் 8-ஐத் தாண்டி ஏறும். அப்போதுதான் அம்மோனியா கிளம்புகிறது. மொத்த இழப்பில் பெரும்பங்கு முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். அமிலம் இங்கே இரண்டு வேலை செய்கிறது: பிஎச்சை இறக்குகிறது, பின்னால் அதை ஏற்றிவிடும் பைகார்பனேட்டையும் முன்கூட்டியே கரியமில வாயுவாக்கி வெளியேற்றிவிடுகிறது. பிஎச் ஒரு புள்ளி இறங்கினால் வாயுவாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். வயலில் கலக்கும்போது இலக்கு 6.4. கொட்டகையிலேயே கலக்கும் முறையில் 5.5 வரையும், சேமிப்புத் தொட்டியில் கலப்பதில் 6.0 வரையும் போவார்கள், ஏனென்றால் அங்கே ஸ்லரி நாள்கணக்கில் கிடக்கும், பிஎச் மெல்லத் திரும்பி ஏறும். வயலில் சில மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும்.

இதற்குப் போட்டி யார்? டென்மார்க்கில் ஸ்லரியை வானத்தில் வாரியடிக்கும் தட்டு முறைக்கு 2003-லேயே தடை. அதற்குப் பின் எல்லோரும் வாங்கியது தொங்குகுழாய்க் கம்பு: 25-30 செ.மீ இடைவெளியில் குழாய்கள் தொங்கி, பயிர் வரிசைகளுக்கு நடுவே ஸ்லரியைக் கோடாக விடும். வாரியடிப்பதை ஒப்பிட்டால் அம்மோனியா 30-35 சதவீதம் குறையும். குழாய் நுனியில், தரையோடு இழுபடும் சறுக்குக்காலணி வைத்த வகையில் 30 முதல் 60 வரை. வட்டத் தகடால் மண்ணைக் கீறி உள்ளே விடும் இன்ஜெக்டர், வாய் திறந்த சாலில் 70, மூடிய சாலில் 80-90 சதவீதம். வெறும் நிலத்தில் விட்டவுடனே கலப்பையால் புரட்டினால் 90. நாலு மணி நேரம் கழித்துப் புரட்டினால் 45-65. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று 24 மணி நேரம் விட்டால் 30-தான்.

இந்த எண்களைப் பார்த்தாலே தெரியும், வெறும் நிலத்தில் அமிலத்துக்கு வேலை இல்லை. கலப்பையோ இன்ஜெக்டரோ அதைவிட நன்றாகவே செய்யும். டென்மார்க்கில் 2011 முதல் வெறும் நிலத்திலும் புல்வெளியிலும் இன்ஜெக்டர் கட்டாயம், அமிலம் கலந்தால் தொங்குகுழாயே போதும் என்று சட்டம் விலக்கு தருகிறது. புல்வெளிக்காரருக்கு அது பெரிய சலுகை, ஏனென்றால் வட்டத்தகடு புல்லின் வேரை அறுக்கும், இழுவைச் சக்தி அதிகம் கேட்கும், 12 மீட்டரைத் தாண்டி அகலம் போவது கஷ்டம். தொங்குகுழாய்க் கம்பு 24, 36 மீட்டர்கூடப் போகும், மருந்தடிக்கும் வண்டித் தடத்திலேயே ஓட்டலாம். நிற்கிற கோதுமையில் தகட்டை இறக்கினால் பயிரே போய்விடும். சிரெனுக்கு உண்மையான இடம் அதுதான்.

கருவியைக் கிட்டே போய்ப் பார்த்தால்: டிராக்டரின் முன் இணைப்பில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் கம்பிக்கூண்டு போட்ட 1000 லிட்டர் ஐபிசி தொட்டி, 96 சதவீத கந்தக அமிலம். அங்கிருந்து குழாய் பின்னால் ஓடி, ஸ்லரியைக் குழாய்களுக்குப் பிரித்துவிடும் பகிர்வான் தலைக்குச் சற்று முன்னால் நிலைக்கலப்பானில் சேரும். நிலைக்கலப்பான் என்றால் சுழலும் பாகம் எதுவும் இல்லாத, உள்ளே தகடுகள் முறுக்கிவிட்ட குழாய்தான். அதைத் தாண்டியதும் பிஎச் உணரி. அது காட்டும் அளவைப் பார்த்துக் கட்டுப்பாட்டுப் பெட்டி அமில பம்பைக் கூட்டிக் குறைக்கும். அமிலத் தொட்டியை மாற்றும்போது ஓட்டுநர் கை வைக்காதபடி அமைத்திருப்பது இதில் மிக நல்ல அம்சம்.

அமிலச் செலவு ஸ்லரிக்கு ஸ்லரி மாறும், கனமீட்டருக்கு 1 முதல் 3 லிட்டர் வரை. 2 லிட்டர் என்று வைத்தால் ஒரு தொட்டி 500 கனமீட்டருக்கு வரும். ஹெக்டேருக்கு 30 கனமீட்டர் விட்டால் 16-17 ஹெக்டேர். ஒரு தொட்டி அமிலம் மட்டுமே 1840 கிலோ. முன் அச்சு அதைத் தாங்கவேண்டும். மார்ச் மாத ஈர மண்ணில் முன் சக்கரம் எவ்வளவு அழுந்துகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கே சொதப்பும்? முதல் எதிரி பிஎச் உணரி. கண்ணாடி முனையில் கொழுப்பும் நார்த்தூளும் படிந்தால் அது சோம்பேறியாகிவிடும். ஸ்லரி மாறியபின்னும் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும், பம்ப் அதை நம்பி அமிலத்தை விடும். தினமும் காலையில் கழுவி, பிஎச் 4, பிஎச் 7 என்று அளவு தெரிந்த தாங்கல் கரைசல்களில் வைத்து அளவைச் சரிபார்க்காத கருவியின் பதிவேட்டுக்கு மதிப்பு இல்லை. குழாய் நுனியில் ஒரு வாளி பிடித்து, நுரை அடங்கவிட்டு, கைமீட்டரில் அளந்து பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

நுரை இரண்டாவது தொல்லை. அமிலம் பட்டதும் கரியமில வாயு குபுகுபுவென்று வெளியேறும். கலப்பான் பகிர்வானுக்கு வெகு முன்னால் இருந்தால் நுரை குழாய்களைச் சமமாக நிரப்பாது, ஒரு பக்கம் கோதுமை கரும்பச்சையாகவும் மறு பக்கம் வெளுத்தும் நிற்கும். ஸ்லரி ஓட்டமானியை அமிலம் சேரும் இடத்துக்கு முன்னால்தான் பொருத்த வேண்டும், நுரையை அளந்தால் எல்லாக் கணக்கும் பொய். வயல் ஓரத்தில் திரும்பும்போது அமில வால்வு முதலில் மூடி, ஸ்லரி பின்னால் மூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மாறி மூடினால் கலப்பானில் அமிலம் தேங்கும்.

அதோடு சேர்ந்த விஷயம் துருப்பிடித்தல். 96 சதவீத அமிலம் இரும்பை அவ்வளவாகத் தின்னாது, தண்ணீர் கலந்த அமிலம்தான் தின்னும். அரைகுறையாக அலசுவது அலசாமல் விடுவதைவிட மோசம், அலசினால் முழுக்க அலச வேண்டும். உதிரி வாங்கும்போது சாதாரண ரப்பர் வளையத்தைப் போடக்கூடாது, அமிலம் தாங்கும் வைட்டன் அல்லது டெஃப்லான்தான். 98 சதவீத அமிலம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், 3 டிகிரி செல்சியஸிலேயே உறையத் தொடங்கும். 96 பூஜ்யத்துக்குக் கீழேயும் தாங்கும்.

இனி காசு. ஹெக்டேருக்கு 30 கனமீட்டர் விட்டால் அம்மோனியத் தழைச்சத்து 75 கிலோ. பன்றி ஸ்லரி மாட்டு ஸ்லரியைவிட நீர்த்தது, சீக்கிரம் மண்ணுக்குள் இறங்கும், அதனால் இழப்பும் குறைவு. குளிர்ந்த, மூட்டமான நாளில் 15 சதவீதம் பறக்கிறது என்று வைத்துக்கொண்டால் 11 கிலோ. அமிலம் அதில் பாதியைக் காப்பாற்றினால் கையில் நிற்பது ஐந்தரை கிலோ. வெயிலும் காற்றும் உள்ள ஏப்ரல் மதியத்தில் 30 சதவீதம் போகும் என்றால் மிச்சம் 11 கிலோ. இதற்காக 60 லிட்டர் அமிலம், கருவி வாடகை, ஆள் கூலி. தழைச்சத்தின் விலையை மட்டும் வைத்தால் குளிர்நாளில் கட்டுப்படியாகாது. அதே பணத்துக்கு மாலை நேரத்தில், மழைக்கு முன்னால் விட்டாலே நல்ல பங்கு தப்பும்.

ஆனால் டென்மார்க்கில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு பண்ணைக்கும் தழைச்சத்து ஒதுக்கீடு உண்டு. பன்றி ஸ்லரியில் உள்ள மொத்தத் தழைச்சத்தில் பெரும்பங்கு பயிருக்குக் கிடைத்ததாகவே ஏட்டில் கழித்துவிடுவார்கள். காற்றில் போனது போனதுதான், அதற்கு ஈடாகக் கூடுதல் உரம் போட அனுமதி இல்லை. ஒதுக்கீட்டின் விளிம்பில் நிற்பவருக்கு அந்த ஐந்து கிலோவின் மதிப்பு கடை விலையைவிட அதிகம். சிரென் முதலில் டென்மார்க்கில் விலைபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கந்தகத்தையும் சேர்த்தால் தராசு இன்னும் சாயும். ஒரு லிட்டர் அமிலத்தில் சுமார் 0.58 கிலோ கந்தகம், 60 லிட்டரில் 35 கிலோ. கடுகு வகை ரேப் பயிருக்கு 20-30 கிலோ தேவை என்பதால் ஏறக்குறைய சரியாக வரும், தனியாகக் கந்தக உரம் வேண்டாம். கோதுமைக்கு 10-20 போதும், மீதி சல்ஃபேட்டாக மழையோடு இறங்கிப் போகும். எல்லா வயலுக்கும் எல்லா ஆண்டும் அமிலம் கலப்பதை ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான். இன்னொன்று, 60 லிட்டர் அமிலம் ஏறக்குறைய 108 கிலோ சுண்ணாம்புக்கல்லைத் தின்றுவிடும். டென்மார்க்கின் ஜட்லாந்து பகுதி மணல் நிலத்தில் சுண்ணாம்புச் செலவைக் கணக்கில் எழுதாமல் லாபம் பார்ப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசம் கிடையாது. கண்கவசமும் அமிலக் கையுறையும் போடாமல் இணைப்பைக் கழற்றக்கூடாது, கண் கழுவும் நீர் வண்டியிலேயே இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 15 சதவீதத்துக்கு மேற்பட்ட கந்தக அமிலம் பொதுமக்களுக்குக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள், தொழில்முறையில் வாங்கலாம். அமிலத்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும் ஆபத்தும் உண்டு. திறந்த வயலில் கலப்பதால் அது கலைந்துபோகிறது, கொட்டகைக் குழியில் இந்த வித்தையைக் கைமருந்தாகச் செய்து பார்ப்பது ஆளைக் கொல்லும். இயற்கை வேளாண்மைச் சான்று பெற்றவர்களுக்கு கந்தக அமிலம் கலந்த ஸ்லரிக்கு அனுமதியே இல்லை.

சொந்தமாக வாங்குவதைவிட ஒப்பந்தக்காரரை அமர்த்துவதே பெரும்பாலான பண்ணைகளுக்குச் சரி. அமர்த்தும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: வயல்வாரியாகப் பதிவான பிஎச், வயல்வாரியாகச் செலவான அமில லிட்டர், அன்றைக்கு உணரியைச் சரிபார்த்த குறிப்பு. கனமீட்டருக்கு எத்தனை லிட்டர் போனது என்பது எல்லா வயலிலும் ஒரே எண்ணாக இருந்தால், அன்றைக்கு உணரி வேலை செய்யவில்லை, யாரோ கையால் அளவை வைத்துவிட்டு ஓட்டியிருக்கிறார்கள்.