கிரீனுக்கு அடியில் ஆறு ஆண்டுகள்: துளையிடல், மணல், ஒரு வாளி

வேலந்தாவளத்தைத் தாண்டிப் பாலக்காட்டு எல்லைக்குள் இருக்கும் ஒரு சிறிய ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்தில் புல்தரைப் பொறுப்பாளராக வேலை செய்கிறேன். கிரீன்களில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகளில்) ஹாலோ டைன் எனப்படும், மண்ணைக் குச்சிபோல் அள்ளியெடுக்கும் உள்ளீடற்ற உலோகக் குழல்களைக் கொண்டு துளையிடுவது, மணல் தூவுவது, மண்ணிலுள்ள கரிமப் பொருளை (வேர், தண்டு, மட்கு போன்றவற்றை) ஆழம்வாரியாக அளப்பது ஆகிய மூன்று வேலைகளில் முதல் இரண்டை ஆறு ஆண்டுகளாகவும் மூன்றாவதை மூன்றாம் ஆண்டிலிருந்தும் செய்துவருகிறேன். முதல் இரண்டை மட்டும் நம்பியிருந்த காலத்தில் பணமும் உழைப்பும் நிறையவே வீணாயின. மூன்றாவது வந்த பிறகுதான் எதை, எவ்வளவு, எப்போது செய்வது என்பது தெளிவாகியது.

எங்கள் கிரீன்களில் இருப்பது டிஃப்ட்வார்ஃப் பெர்முடா. நம் அருகம்புல்லையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றையும் கலந்து உருவாக்கிய இனத்திலிருந்து பிறந்து, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊரிலிருந்து 1965-இல் வெளிவந்த வகை அது. ‘அருகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்துகிறோம். அந்த வேரோட்டம் எத்தகையது என்பதை கிரீனுக்கு அடியில் கண்ணால் பார்க்கலாம். குளிர்நாடுகளில் இப்புல் பனிக்காலத்தில் உறங்கிவிடும். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அதற்கு உறக்கமே கிடையாது. ஆண்டு முழுவதும் வளர்வதால் வேரும் தண்டும் ஓடுகொடியும் மட்குவதைவிட வேகமாகச் சேர்ந்து, மேற்பரப்புக்குக் கீழே தென்னைநார் மெத்தைபோல் ஒரு படலம் உருவாகிவிடுகிறது. நான் பொறுப்பேற்ற புதிதில், கிரீன்களைப் பெருக்கும் அக்கா ஒருவர், “தம்பி, கால் வெச்சா மெத்தை மேல நடக்கிறாப்புல இருக்குதுங்க” என்றார். எந்த ஆய்வறிக்கைக்கும் முன்பே வந்த சரியான அறிக்கை அதுதான்.

அந்தப் படலத்தை அள்ளி வெளியேற்றத்தான் துளையிடல்; எஞ்சியதோடு கலந்து அதன் அடர்த்தியைக் குறைக்கத்தான் மணல். முதல் ஆண்டு மே மாதம், கோடை மழைக்குப் பின், 12 மில்லிமீட்டர் டைன்களை 5 சென்டிமீட்டர் இடைவெளியில் இறக்கினோம். அத்தனை துளையிட்டும் கிரீனின் பரப்பில் ஏறத்தாழ நாலரை சதவீதம் மட்டுமே வெளியே வருகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். இயந்திரத்தின்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் மணலில் டைன்கள் விரைவாகத் தேயும். தேய்ந்ததை மாற்றாமல் ஓட்டினால் ஆழம் குறைவதோடு துளையின் விளிம்பும் கிழிந்து, புல் மூடிக்கொள்ள மேலும் நாளாகும். டைன் மாற்றும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணல் விஷயத்தில்தான் பெரிய அடி வாங்கினேன். ஆற்று மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் கேரளத்தில் 2001 முதல் இருக்கிறது. சித்தூர்ப் புழையின் மணலை நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஆகவே கழுவிய எம்.சாண்ட் என்று சொல்லி ஒருவர் கொடுத்ததைச் சலித்துப் பார்க்காமல் தூவிவிட்டேன். கிரீன்களுக்கான அமெரிக்கக் கோல்ஃப் சங்கத்தின் பரிந்துரைப்படி மணலில் குறைந்தது 60 சதவீதம் கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட பருமனில் இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் கல்தூள் நிறைய இருந்தது. அந்த ஆனி மழையில் நான்காவது கிரீன் மஞ்சளடித்தது. கத்தியால் ஒரு துண்டு மண்ணை எடுத்தேன்: மூன்று விரற்கடை ஆழத்தில் பென்சிலால் கோடு போட்டதுபோல் ஒரு கருப்பு வரி, மூக்கருகே கொண்டுசென்றதும் அழுகிய முட்டை நாற்றம். தூள் படிந்த அடுக்கில் தண்ணீர் தேங்கி, காற்று புகாமல் போனதால், அங்கிருந்த நுண்ணுயிர்கள் கந்தகச் சேர்மங்களை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றியதன் விளைவு அது. வேர்கள் அந்த வரியோடு நின்றுவிட்டிருந்தன. அதைச் சரிசெய்ய இரண்டு மே மாதங்கள் தேவைப்பட்டன. இப்போது ஒவ்வொரு லோடு வரும்போதும் ஒரு கண்ணாடிப் புட்டியில் மணலும் தண்ணீரும் இட்டுக் குலுக்கி இரவெல்லாம் வைக்கிறேன். காலையில் மேலே தூள் கண்ணுக்குத் தெரியும்படி படிந்திருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

மூன்றாம் ஆண்டில் மைகா வுட்ஸ் என்னும் புல்தரை அறிவியலாளரின் ஓஎம்246 முறையைத் தொடங்கினேன். மேற்பரப்பிலிருந்து 0–2, 2–4, 4–6 சென்டிமீட்டர் என மூன்று துண்டுகளாக மண்ணை வெட்டி, வேரையும் தண்டையும் சலித்து நீக்காமல் அப்படியே சூளையில் எரித்து, குறைந்த எடையைக் கொண்டு மொத்தக் கரிமப் பொருளைக் கணக்கிடுவது இம்முறை. சாதாரண மண் ஆய்வில் சலித்து எறியப்படும் நார்தான் எங்கள் சிக்கலே என்பதால் இந்த வேறுபாடு மிக முக்கியம். எங்கள் முதல் அளவீட்டில் மேல் துண்டில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது. அதற்கடுத்த துண்டில் அதில் பாதிகூட இல்லை. ஆழத் துளையிட்டு நாங்கள் அள்ளியெடுத்ததில் பெரும்பகுதி, நல்ல நிலையிலிருந்த அடிமணல்!

அதன்பின் உரத்தைப் பார்த்தேன்; உரம் கூடினால் புல் வேகமாக வளர்ந்து அந்த நாரும் கூடும். ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 28 கிராம் தழைச்சத்து கொடுத்துவந்தோம். அதைப் படிப்படியாக 15 கிராமுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் கிரீன்வாரியாகப் புல்துணுக்கை வாளியில் கொட்டி, அமுக்காமல், லிட்டரில் குறித்துக்கொள்கிறோம். வாளி நிறையும் வேகத்தைப் பார்த்தே தழைச்சத்து தரும் அம்மோனியம் சல்பேட்டின் அளவை முடிவு செய்கிறேன். நிறம் சற்று வெளிறியதாக உறுப்பினர்கள் சிலர் முறையிட்டது உண்மை. பந்து உருளும் வேகம் கூடியதும் அவர்களே கவனித்தார்கள்.

மணலையும் ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. ஒரு மில்லிமீட்டர் கனம் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 500 சதுர மீட்டர் கிரீனுக்கு அரை கன மீட்டர். அதிலும் பாதியை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, காற்று அடங்கிய காலையில், ஈரமில்லாத புல்லில் தூவித் தூரிகையால் தேய்க்கிறோம். ஆடி மாதக் கணவாய்க் காற்றில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

கடந்த அளவீட்டில் மேல் துண்டு 8 சதவீதத்தருகே வந்துவிட்டது. அதை நம்பி இந்த மே மாதம் ஆறு கிரீன்களில் துளையிடவில்லை. புளியமர நிழலில் இருக்கும் ஏழாவது கிரீனில் மட்டும் அந்த அளவு இன்னும் இறங்கவில்லை. அங்கே வெயில் பிற்பகலில்தான் விழுகிறது. கிளைகளைக் கழிக்க அனுமதி கேட்டிருக்கிறேன். அது கிடைக்கும்வரை அந்த ஒரு கிரீனுக்கு வேண்டிய டைன்களை எண்ணெய் பூசித் தனியே எடுத்துவைத்திருக்கிறேன்.