பச்சைக் குழந்தையின் தலைச் செதில்: தேங்காய் எண்ணெயா, ஆலிவ் எண்ணெயா, பாராஃபினா?

எங்கள் மகளுக்கு இரண்டாம் மாதத்தில் உச்சந்தலையில் மஞ்சளாகப் பொருக்கு படிந்தது. தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், மருந்துக் கடையில் விற்கும் லிக்விட் பாராஃபின் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நாங்கள் எடுத்தது பாராஃபின். இன்னொரு குழந்தைக்கும் அதையேதான் எடுப்பேன்.

இந்தச் செதில் ஒட்டுவாரொட்டி இல்லை, அழுக்கால் வருவதும் இல்லை. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகப் போய்விடும். அதை ஊறவைத்து இளக்க மூன்றுமே போதும்.

வித்தியாசம், எண்ணெய் தலையிலேயே தங்கிவிட்டால்தான் தெரியும். எல்லார் தோலிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை உண்டு. செதில் வருவதில் அதற்கும் பங்கிருப்பதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதற்குச் சாப்பாடே கொழுப்பு அமிலங்கள். தேங்காய், ஆலிவ் இரண்டிலும் அவை நிறைய. ஆய்வகத்தில் இந்தப் பூஞ்சையை வளர்க்கவே ஆலிவ் எண்ணெய் ஊற்றுவதுண்டு! போதாததற்கு, ஆலிவில் மிகுந்திருக்கும் ஓலியிக் அமிலம் தோலின் காப்புப் படலத்தையும் பலவீனமாக்கும். பாராஃபின் கனிம எண்ணெய். பூஞ்சைக்கு அதில் தீனி கிடையாது. பச்சைக் குழந்தையின் தலையை எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் பிசுக்கு நிற்கத்தான் செய்யும். அப்படி நிற்பது பாராஃபினாக இருந்தால் எனக்குக் கவலையில்லை.

குளிப்பாட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்பு மெல்லத் தடவி, மென்மையான பிரஷ்ஷால் நீவி, பேபி ஷாம்பூ போட்டு அலசினால் போதும். நகத்தால் பெயர்க்க வேண்டாம், புண்ணாகும். செதிலோடு கொஞ்சம் முடி வந்தாலும் மறுபடி முளைத்துவிடும். எந்த எண்ணெயும் மூக்கு, வாய்ப் பக்கம் போகக்கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலைக் கெடுக்கும்.

தேங்காய் எண்ணெயை ஒதுக்கச் சொல்லவில்லை. அக்கா பிள்ளைக்கு அதிலேயே சரியானது, ஆனால் அக்கா ஒவ்வொரு முறையும் நன்றாக அலசிவிடுவாள். தடவிவிட்டு நாள் முழுக்க அப்படியே விடும் பழக்கம்தான் ஆகாது.

பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் மருந்து கலந்த ஷாம்பூ எங்களுக்குத் தேவைப்படவில்லை, அதனால் அதைப் பற்றி அனுபவத்தில் சொல்ல முடியாது. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் போடுங்கள். சாலிசிலிக் அமிலம் கலந்த பொடுகு ஷாம்பூ வேண்டவே வேண்டாம், குழந்தையின் தோல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

செதில் முகத்துக்கோ கழுத்து மடிப்புக்கோ பரவினாலும், நீர் வடிந்தாலும், நாற்றமடித்தாலும், குழந்தை அரிப்பில் தலையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாலும் எண்ணெய்களை நிறுத்திவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.